திங்கட்கிழமைக் கத்திரி

அந்தத் தெருவில் அவருக்குப் பெயர் ராசிக்கை. பெற்றவர்கள் வைத்த பெயர் கடைச் சுவரில், உரிமச் சான்றிதழில், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை. வேலைக்கு நேர்காணல் போகிறவன், வழக்குக்கு நீதிமன்றம் போகிறவன், மனசில் இருப்பதை ஒரு பெண்ணிடம் இன்றைக்காவது சொல்லிவிடலாம் என்று கிளம்புகிறவன், எல்லோரும் முதலில் அவருடைய சலூன் நாற்காலியில் வந்து தலையைக் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். ராசிக்கை வெட்டிவிட்டால் போன காரியம் பழம்தான் என்று எவரோ எப்போதோ கிளப்பிவிட்ட பேச்சு. காரியம் காயானவர்கள் திரும்பி வந்து புகார் சொல்லாததால் பேச்சு நிலைத்துவிட்டது. அவரும் மறுக்கவில்லை. மறுப்பது மாதிரி ஒரு சிரிப்புச் சிரிப்பார். அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. இரண்டுக்கும் நடுவே நாலு எட்டில் முடிந்துபோகிற ஒரு திறந்த இடம். மனைவி அதைத் தோட்டம் என்பாள். அதில் இருந்தவை ஒரு குழாய், ஒரு துணிக்கொடி, ஒரு செடி. வீட்டுப் பக்கத்து ஜன்னலோரம் அவளுடைய தையல் மெஷின். ஆக, அந்த வீட்டில் இரண்டு தொழில், இரண்டு வகைக் கத்திரி. அவர் கத்திரியால் அவள் துணி வெட்டக் கூடாது, அவள் கத்திரியை அவர் முடி பக்கம் கொண்டு போகக் கூடாது என்பது கல்யாணமான முதல் வாரமே போட்ட சட்டம். அந்த வாரம் இருவரும் கொடுத்துக்கொண்ட வாக்குகளில் இருபத்தாறு வருஷமாகக் கீறல் விழாமல் இருப்பது இது ஒன்றுதான்.

செடி வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. பஸ்ஸில் போகிறபோது ஜன்னல் வழியாக ஒரு நர்சரியைப் பார்த்து, நடுவழியில் இறங்கி, கறுப்புப் பையில் ஒரு குச்சியும் இரண்டு இலையுமாக அவள் வாங்கி வந்தது. செம்பருத்திச் சாதிதான், ஆனால் இலை அகலமாக, தொட்டால் லேசாகச் சொரசொரவென்று இருக்கும். நர்சரிக்காரர் சொன்னதை அவள் அப்படியே வந்து ஒப்பித்தாள்.

"காலைல வெள்ளையா விரியுமாம். மதியம் ரோஸ் ஆயிடுமாம். சாயந்திரம் நல்ல சிவப்பாம். ஒரே பூவுங்க, ஒரே நாள்ல. ரெண்டாம் வருஷமே பூத்துடும்னு சொன்னாரு."

"விக்கறவன் ஆயிரம் சொல்லுவான்," என்றார் அவர்.

இரண்டாம் வருஷம் பூக்கவில்லை. மூன்றாம் வருஷமும் இல்லை. அவள் டீத்தூள் போட்டாள், முட்டை ஓடு போட்டாள், வாழைப்பழத் தோலை ஊறவைத்து ஊற்றினாள். வெயில் போதவில்லையோ என்று துணிக்கொடியை இடம் மாற்றினாள். செடி நன்றாகத்தான் வளர்ந்தது, ஆள் உயரத்துக்குக் கொழுகொழுவென்று நின்றது. பூ மட்டும் கிடையாது. மூக்கும் முழியுமாக இருந்து வாய் திறக்காத பிள்ளை மாதிரி அது நிற்பதைப் பார்த்து அவள் பெருமூச்சு விடுவாள்.

அவரும் சும்மா இருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அவருக்குச் செடியின் மேல் அக்கறை இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. அன்று காலை மனைவி தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டு நூல், பட்டன் வாங்கிவரக் கிளம்பிப் போனதும், அவர் கடையின் பழைய போர்வை ஒன்றைச் செடிக்கு அடியில் விரிப்பார். குழாய்க்குப் பக்கத்து ஆணியில் ஒரு கத்திரி தொங்கும். தொழில் தொடங்கியபோது வாங்கிய முதல் கத்திரி. விரல் வளையம் ஒரு தடவை உடைந்து பற்றவைத்தது. மனிதத் தலைக்கு இனி ஆகாது என்று ஓய்வு கொடுத்து அதைச் செடிக்கு வைத்திருந்தார். பெரிய பல் சீப்பால் கிளைகளைத் தூக்கிப் பிடித்து, நீட்டிக்கொண்டிருக்கும் நுனியையெல்லாம் நறுக்குவார். இரண்டு எட்டுப் பின்னால் போய், ஒரு கண்ணை மூடி, கிருதா சமமாக இருக்கிறதா என்று பார்ப்பது போல இரண்டு பக்கமும் பார்ப்பார். காற்றில் செடி அசைந்தால், "ஆடாம நில்லு" என்பார்.

மாடியில் குடியிருந்த, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரம்மா ஜன்னலிலிருந்து எட்டிப் பார்ப்பாள். "பின்னால கண்ணாடி காட்டி, போதுமான்னு கேக்கறதுதான் பாக்கி," என்பாள்.

முப்பது வருஷத் தொழில். கலைந்த எதையும் அவரால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. செடியோ, தலையோ, ஒரு வாரத்துக்கு மேல் கலைந்து கிடந்தால் அவருடைய விரல்கள் தானாக அசையும். வெட்டின பிறகு செடி உருண்டையாக, பள்ளிக்கூடம் போகத் தயாரான பிள்ளை மாதிரி நிற்கும். சில வாரம் நுனியில் பச்சையாக, ரோமத்தோடு, சின்னச் சின்ன முடிச்சுகள் கொத்தாக வந்திருக்கும். பூச்சி கூடு கட்டுகிறது என்று அவர் முடிவு செய்திருந்தார். மண்டையில் கட்டி வந்தால் சுற்றி வெட்டுவது போல, அந்த முடிச்சுகளை மட்டும் தேடித்தேடி, ஒன்று விடாமல் எடுத்துப் போர்வையோடு சுருட்டிக் குப்பையில் போடுவார்.

"நுனியில ஏதோ பூச்சி முடிச்சு முடிச்சா கட்டுதும்மா. நான் பார்த்து எடுத்துட்டேன்," என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

"நல்லவேளை பார்த்தீங்க," என்று அவளும் சொல்லியிருக்கிறாள்.

இங்கே அவள் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபது வருஷத்துக்கு முன்னால் அவள் முதல்முதலாக ஒரு கல்யாண உடை தைத்தாள். ஒரு மாதம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு தைத்தது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது மாப்பிள்ளை மனம் மாறிவிட்டான். உடை பெட்டியோடு திரும்பி வந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்த அவருடைய அக்கா, கையில் இருந்த டீயை ஆற்றிக்கொண்டே, "உன் கைராசி அப்படி, என்ன பண்றது," என்றாள். சொன்னவள் டீயைக் குடித்து முடிப்பதற்குள் அதை மறந்துவிட்டாள். கேட்டவள் மறக்கவில்லை. அதற்குப் பிறகு கல்யாணத்துக்கோ, பிறந்த குழந்தைக்கோ அவள் ஒரு தையல் போட்டதில்லை. ஜிப் மாற்றுவது, கால்சட்டை மடிப்பது, திரைச்சீலை, தலையணை உறை. துக்கமும் சந்தோஷமும் இல்லாத துணிகளாகப் பார்த்துத் தைத்தாள். பிறகு செடி பூக்க மறுத்ததும் விஷயம் முத்திரை குத்தி உறுதியானது. அவள் நட்டது எப்படிப் பூக்கும்?

ராசிக்கை என்று ஊரே கூப்பிடுகிற ஒருவரோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு, தன் கையை நினைத்து ஒருத்தி குமைவது லேசான காரியம் இல்லை. அவர் அவளைத் தேற்றுவார். "விடும்மா. எல்லாருக்கும் எல்லாம் அமையாது." அன்பாகத்தான் சொன்னார். இப்படி ஒரு வருஷம் இல்லை, ஒன்பது வருஷம் சொன்னார்.

இந்த நிலையில்தான் அவள் தங்கை மகள் வந்து நின்றாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுக்கிற வேலை, அதனால் குடும்பத்தில் அவளுக்குக் கொசு என்று பெயர். கொசுவுக்கு ஐந்து மாதத்தில் கல்யாணம். வெண்ணெய் நிறத்தில் ஒரு துணியை மடித்து எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"பெரியம்மா, நீங்கதான் தைக்கணும்."

"நான் கல்யாணத்துக்குத் தைக்கறதில்ல. உனக்குத் தெரியும்."

"தெரியும். அதனாலதான் நேர்ல வந்தேன். போன்ல சொன்னா வெச்சிடுவீங்க."

"வேற எதுவும் கேளு. என் கையால உனக்கு ஒரு கெடுதல் வரணுமா?"

கொசு கேட்கவில்லை. கெஞ்சினாள், கோபித்தாள், பெரியப்பாவைத் துணைக்கு இழுத்தாள். கடைசியில் பெரியம்மா ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள்.

"அது பூக்கட்டும். அன்னிக்குத் தைக்கிறேன்."

அது முடியாது என்று சொல்வதற்கு ஒரு வழி. மூன்று பேருக்கும் அது புரிந்தது. ஆனால் கொசு துணியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. மெஷினுக்குப் பக்கத்து அலமாரியில் வைத்துவிட்டு, "பூக்கும். பூக்கலைன்னா இந்தத் துணியைச் சுத்திக்கிட்டுப் போய் நிக்கிறேன். சொந்தக்காரங்க கேட்டா உங்க பேரைச் சொல்றேன்," என்று போய்விட்டாள்.

இரண்டு வாரம் கழித்து, கடையில் பல்பு மாற்றுகிறேன் என்று ராசிக்கை சுழல் நாற்காலியின் மேல் ஏறினார். அந்த நாற்காலி சுழலும் என்பது முப்பது வருஷமாக அவருக்குத் தெரியும். அன்றைக்குப் பார்த்து மறந்துவிட்டது. வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. உள்ளே தகடு வைத்தார்கள், ஒரு வாரம் ஆஸ்பத்திரி, ஒன்றரை மாதம் மாவுக்கட்டு, அதற்கப்புறம் ரப்பர் பந்தைப் பிசைகிற பயிற்சி. நாலு மாதம் கத்திரி எடுக்கவே கூடாது என்றார் டாக்டர். ராசி ஆஸ்பத்திரிக்கு வெளியிலேயே நின்றுவிட்டது போலிருந்தது.

கடையை இரண்டாவது நாற்காலிக்காரர் பார்த்துக்கொண்டார். முடி வெட்டுகிறவர்களில் பேசாத ஒருவர் இந்த உலகத்தில் உண்டு என்றால் அது அவர்தான். மௌனி என்று பெயர். ஆஸ்பத்திரி வாரத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றியது மாடி கண்டக்டரம்மா. அப்புறமும் மனைவிக்குப் புருஷனுக்குச் சட்டை மாட்டிவிடவும் சோறு பிசைந்து கொடுக்கவுமே நேரம் சரியாக இருந்ததால், கண்டக்டரம்மாவே காலையும் மாலையும் இறங்கி வந்து ஊற்றினாள். "டிக்கெட் வாங்காதவங்க இறங்குங்க," என்று எறும்புகளை விரட்டுவாள்.

திங்கட்கிழமைகள் கொடுமையாக இருந்தன. ராசிக்கை பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு செடிக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். அது கன்னாபின்னாவென்று வளர்ந்தது. ஒரு கிளை குழாயைத் தாண்டிப் போனது, ஒன்று ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தது. ஜெயிலிலிருந்து வந்தவன் மாதிரி இருக்கிறதே என்று அவருக்கு மனசு பொறுக்கவில்லை. ஒருநாள் மௌனியைக் கூப்பிட்டு ஆணியில் இருந்த கத்திரியைக் காட்டினார்.

"கொஞ்சம் ஒதுக்கி விடேன். பார்க்கவே சகிக்கல."

மௌனி செடியை மேலும் கீழும் பார்த்தார். "அது கேக்கட்டும், வெட்டறேன்," என்றார். அந்த மாதத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான். உள்ளே போய்விட்டார்.

மூன்று மாதம் ஓடிப்போயிருந்த ஒரு காலை, பந்தைப் பிசைந்தபடி செடிக்குப் பக்கத்தில் நின்றபோது, முகத்துக்கு நேரே இருந்த கிளையின் நுனியில் அந்தப் பச்சை முடிச்சுகளைப் பார்த்தார். ஆறேழு, கொத்தாக. வழக்கமாகப் பார்க்கிறதைவிடப் பெரியவை. இத்தனை நாள் அவர் அவற்றை மிளகு அளவுக்கு மேல் வளர விட்டதில்லை. அதில் ஒன்று நெல்லிக்காய் அளவு பருத்து, பச்சைத் தோல் ஒரு ஓரத்தில் வெடித்திருந்தது. வெடிப்புக்குள் வெள்ளையாக ஏதோ சுருட்டி மடித்து வைத்திருந்தது.

அவர் இடது கை விரலால் அதைத் தொட்டார். பட்டுத்துணியைப் பெட்டிக்குள் அடைத்தது போல மடிப்பு மடிப்பாக இருந்தது.

பக்கத்துக் கிளையைப் பார்த்தார். அதன் நுனியிலும். அடுத்ததிலும். தலைக்கு மேலே போயிருந்த கிளையை வளைத்துப் பார்த்தார், அதிலும். நுனி என்று ஒன்று எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம். கீழே குனிந்தார். அடிக் கிளைகளில் நுனி கிடையாது. மொட்டையாக வெட்டுப்பட்ட தழும்பு, அதிலிருந்து இரண்டாகப் பிரிந்து மறுபடி தழும்பு, அதிலிருந்து இரண்டு. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அங்கே இருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்தார். பூச்சி என்று அவர் வாய் கூசாமல் சொன்னதும், நல்லவேளை என்று அவள் சொன்னதும் காதில் கேட்டன. ஒவ்வொரு வாரமும் போர்வையைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் தட்டியது நினைவுக்கு வந்தது. எத்தனை பூவை அப்படித் தட்டியிருப்பார்? அதைவிடப் பெரிய ஆச்சரியம் ஒன்று மெல்ல உறைத்தது. இந்தச் செடி ஒரு வருஷம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. அவர் வெட்ட வெட்ட, மறுபடி மறுபடி முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்து நின்றிருக்கிறது. ஒன்பது வருஷம், ஒருதடவைகூட அலுத்துக்கொள்ளாமல். எதிரே வளர்ந்து நின்ற அந்தப் பச்சையைப் பார்க்க அவருக்குப் பயமாகவும் இருந்தது, கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலவும் இருந்தது.

மனைவியிடம் சொல்லவில்லை. பூக்கட்டும், பூத்தால் அவளே சந்தோஷப்பட்டுத் துணியை எடுத்துவிடுவாள், நாம் எதற்கு வாயைக் கொடுக்க வேண்டும் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டார். ஊரில் இருக்கிற பேர் அவ்வளவு லேசாக விடக்கூடியதாகவும் இல்லை.

நாலாம் நாள், விடிந்தும் விடியாமலும் அவர் நாற்காலியைப் போட்டுவிட்டார். குழாயடிக்கு வந்த மனைவி பக்கெட்டை வைத்துக் குழாயைத் திறந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

ஜன்னல் பக்கத்துக் கிளையில் ஒரு பூ முழுசாக விரிந்திருந்தது. உள்ளங்கை அகலம். அடுக்கடுக்காக இதழ், துவைத்து நீலம் போட்ட துணியைவிட வெள்ளை. அத்தனை பெரிய பூவை அந்த மெல்லிய காம்பு எப்படித் தாங்குகிறது என்று தெரியவில்லை. அவள் கிட்டே போகவில்லை. பக்கெட் நிரம்பி வழிந்து காலை நனைத்தது, குழாயை மூடவும் இல்லை.

"ஏங்க," என்றாள். அவ்வளவுதான். பிறகு, "ஏங்க, வந்திடுச்சுங்க," என்றாள், யாரோ வெகு தூரத்திலிருந்து வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி.

அன்று தையல் மெஷின் ஓடவில்லை. கண்டக்டரம்மா இறங்கி வந்து குழாயை மூடிவிட்டு வாய் மேல் கையை வைத்துக்கொண்டாள். கடையில் பாதித் தலை வெட்டிய ஒருவர் போர்வையைக் கழுத்தில் கட்டியபடியே பின்வாசலுக்கு வந்தார். அவருக்குப் பின்னால் மௌனி, கையில் சீப்போடு. பத்து மணிக்குப் பூவின் ஓரத்தில் வெட்கப்பட்ட கன்னம் மாதிரி ஒரு சிவப்பு. நிழலோ என்று நினைத்தார் ராசிக்கை. நிழல் இல்லை. இன்றைக்கு மாறுவதைக் கண்ணால் பிடித்துவிடுவது என்று இமைக்காமல் பார்த்தார். மாறுகிற அந்தக் கணம் மட்டும் பிடிபடவில்லை. எப்போது பார்த்தாலும் பூ அசையாமல் அப்படியேதான் இருந்தது. ஆனால் போன தடவை பார்த்த பூ அது இல்லை. மத்தியானம் வந்தபோது இதழ் முழுக்க ரோஸ், யாரும் தொடவில்லை, யாரும் சாயம் ஊற்றவில்லை.

முப்பது வருஷமாக அவர் கண்ணாடிக்கு முன்னால் நின்று, கறுப்பு முடி வெள்ளையாவதைப் பார்த்திருக்கிறார். சின்னப் பிள்ளையாக வந்து பலகையில் உட்கார்ந்தவன் நரைத்துப் போய் வந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறார். எல்லாத் தலையும் ஒரே திசையில்தான் போகும். வெள்ளையில் ஆரம்பித்து, மணிக்கு மணி ரத்தம் ஏறி, மாலைக்குள் இளமையாகிற ஒன்றை அவர் இப்போதுதான் பார்க்கிறார். இது இத்தனை வருஷமும் இந்தக் கிளைக்குள்ளேதான் இருந்ததா என்று நினைத்துக்கொண்டே இருந்தார்.

"இது எப்படிங்க?" என்றார் மௌனி. எல்லோரும் பூவை விட்டுவிட்டு ஒரு நிமிஷம் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வேலை முடிந்து கொசு ஓடி வந்தபோது மணி ஐந்து. பூ நல்ல சிவப்பாகியிருந்தது. பையைக்கூடக் கழற்றாமல் அதற்கு முன்னால் நின்று பார்த்தாள். கடையில் வெட்டிக்கொள்ள வந்தவர்கள் இரண்டு மூன்று பேரும் பின்வாசலில் நின்றிருந்தார்கள்.

"பெரியம்மா, பூத்திடுச்சு. துணியை எடுங்க," என்றாள் கொசு.

மனைவியின் முகம் அன்று முழுவதும் ஒரு விளக்கு ஏற்றினது போல இருந்தது. அது அணைந்தது.

"பூத்திடுச்சு. யார் கையால பூத்துது? மூணு மாசமா நான் ஒரு சொம்பு தண்ணி ஊத்தினேனா? ஒன்பது வருஷம் நான் ஊத்தினேன், ஒரு மொட்டு வரல. கண்டக்டரம்மா கை பட்டுது, மூணு மாசத்துல பூத்திடுச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? அவங்களைத் தைக்கச் சொல்லு."

"எனக்கு ஊசியில நூல் கோக்கவே வராது," என்றாள் கண்டக்டரம்மா பயந்துபோய்.

"நான் விளையாட்டுக்குச் சொல்லலம்மா. இப்ப நல்லாவே தெரிஞ்சு போச்சு. நான் விலகிப் போனதும்தான் அது பூத்திருக்கு." அவள் கொசுவின் பக்கம் திரும்பினாள். "வேற நல்ல கையாப் பார்த்துக் குடு கொசு. இன்னும் ஒன்றரை மாசம் இருக்கு."

கொசுவின் கண் நிறைந்துவிட்டது. வாதாட அவளுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. உள்ளே போய் அலமாரியிலிருந்து துணியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். வாசலைப் பார்த்து இரண்டு எட்டு வைத்தாள்.

ராசிக்கை எழுந்தார். பின்வாசலில் நின்றவர்களைப் பார்த்தார். நாளைக் காலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றவில்லை. ராசிக்கை என்ற பேர் போவது அவருக்கு ரொம்பவே வலித்தது. இருந்தும் வாயைத் திறந்தார்.

"கொசு, நில்லு. கண்டக்டரம்மா கையும் இல்ல, வேற யார் கையும் இல்ல. அது பூக்காம இருந்ததுக்கு என் கைதான் காரணம்."

கொசு திரும்பிப் பார்த்தாள்.

"இது நுனியிலதான் பூக்குது. நான் வாராவாரம் நுனியை வெட்டினேன். கை உடைஞ்சு உக்காந்தேன், பூத்திடுச்சு. அவ்வளவுதான் விஷயம். நீ நட்டது ரெண்டாம் வருஷமே மொட்டு விட்டுதும்மா. அந்த நர்சரி ஆள் சொன்ன மாதிரியே."

மனைவி அவரைப் பார்க்கவில்லை. செடிக்கு அருகே போய்க் குனிந்து, அடிக் கிளையில் இருந்த தழும்புகளை விரலால் தடவினாள். ஒன்று, அதற்கு மேல் ஒன்று, அதற்கு மேல் ஒன்று. தையல்காரி விரல். பிரித்துத் தைத்த இடம் எங்கே இருந்தாலும் அதற்குத் தெரிந்துவிடும்.

"அந்த முடிச்செல்லாம்?" என்றாள்.

"மொட்டு."

"பூச்சின்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"நல்லவேளைன்னு நான் சொன்னேன்."

"சொன்னே."

அவள் நிமிர்ந்தாள். "எல்லாருக்கும் எல்லாம் அமையாதுன்னு நீங்க சொன்னீங்க."

நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து எத்தனையோ தலைகள் அவர் சொன்ன பக்கமெல்லாம் திரும்பியிருக்கின்றன. அவருடைய தலை இப்போது தானாகக் குனிந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவள் வீட்டுக்குள் போய்விட்டாள்.

உள்ளே இழுப்பறை திறக்கிற சத்தம் கேட்டது. தலையணை உறைகளைத் தூக்கிப் போடுகிற சத்தம். வெளியே வந்தபோது அவள் கையில் பழுப்புக் காகிதச் சுருள் ஒன்று இருந்தது. வேலை மேசையை ஜன்னலோரத்திலிருந்து இழுத்து, செடிக்குப் பக்கத்தில், வெளிச்சத்தில் போட்டாள். சுருளைப் பிரித்தாள். முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்து. அளவுக் காகிதங்கள், பென்சில் கோடு போட்டு, வெட்டித் தயாராக இருந்தன.

கொசு குனிந்து பார்த்தாள். "பெரியம்மா, இது என் அளவு. எப்ப எடுத்தீங்க?"

"நீ வந்து சண்டை போட்டுட்டுப் போனியே, அன்னிக்கே. கண்ணாலயே எடுத்தேன். சும்மா வெட்டி வெச்சேன். துணியைக் குடு."

வெண்ணெய் நிறத் துணி மேசையில் விரிந்தது. பின்வாசலில் நின்றவர்கள் தங்களை அறியாமல் ஓரடி பின்னால் போனார்கள். அவள் காகிதத்தை வைத்துக் குண்டூசி குத்தினாள், சாக்கட்டியால் கோடு இழுத்தாள். அவளுடைய கத்திரி மெஷின் மேலேயே இருந்தது. அதை அவள் எடுக்கவில்லை. குழாய்ப் பக்கம் போய், ஆணியிலிருந்து அவருடைய பழைய கத்திரியைக் கழற்றினாள். முந்தானையால் துடைத்தாள்.

இருபத்தாறு வருஷச் சட்டம் அங்கே முடிந்துபோனது. ராசிக்கை பதறிவிட்டார்.

"அது துணிக்கு ஆகாதும்மா. முனை மழுங்கினது. கோணிடும்."

"கோணாது."

"இல்லம்மா, நான் சொல்றதைக் கேளு."

"ஒன்பது வருஷம் கேட்டாச்சு." அவள் வளையங்களுக்குள் விரலைக் கொடுத்தாள். "என் பூவையெல்லாம் வெட்டின கத்திரி. இந்தப் பொண்ணு உடையையும் அதுவே வெட்டட்டும். நான் பிடிச்சா கோணாது."

துணியின் ஓரத்தில் கத்திரி வாயை வைத்தாள். ஒரு மூச்சு இழுத்தாள். முதல் வெட்டு நீளமாக, கோட்டின் மேலேயே போனது. கரகரவென்ற அந்தச் சத்தத்தை அவர் நானூறு திங்கட்கிழமை கேட்டிருக்க வேண்டும். இப்படி ஒருநாளும் கேட்டதில்லை. பக்கத்தில், கிளையில், பூ கருஞ்சிவப்பாகக் கவிழத் தொடங்கியிருந்தது. அதற்கு மேல் கிளையில், நாளைக்கு விரிய வேண்டிய நாலைந்து மொட்டுகளின் வெடிப்பில் வெள்ளை தெரிந்தது.

துணியின் மறுமுனை மேசையிலிருந்து நழுவித் தொங்கியது. அவள் தலை நிமிராமல் சொன்னாள்.

"அந்தப் பக்கம் பிடிங்க."

அவர் போய், ஆறி வருகிற வலது கையாலும் நல்ல இடது கையாலும் துணியைப் பிடித்துக்கொண்டார். துணியின் ஓரம் லேசாக ஆடியது. மணிக்கட்டுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டார்.

"ஆடாம நில்லுங்க," என்றாள் அவள்.

அவர் ஆடாமல் நின்றார்.